புள்ளிகளின் உயரம்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. டெல்லியில் லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு நூலகத்தில் பிரெய்ல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குப் பின்னால் ஓர் அறை, ஆறு இரும்பு அலமாரி, நான், அவ்வளவுதான். எத்தனையோ அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். எல்லாரும் முதல் வாரத்தில் என் அறைக்கு வந்து, சூடம் காட்டாத குறையாக என்னைப் புகழ்ந்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள்.

மற்ற ஐந்து அலமாரியும் தீப்பிடித்தாலும் நான் அழமாட்டேன். மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் ஏழு பாகங்களாக ஒரு புத்தகம் இருந்தது. எம்.ஏ.வுக்கான தமிழ்நாட்டு வரலாற்றுப் பாடப் புத்தகம். கையால் குத்தியது. அதைக் குத்தியவள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கிலேயே இருந்த ஓர் அக்கா. தஞ்சாவூர்க்காரி. அவள் கணவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். நான் அப்போது இதே நூலகத்தில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து "ஹோல்டு கீஜியே" சொல்லிக்கொண்டிருந்தேன். தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறேன், பாடம் வாசித்துக் காட்ட ஆள் இல்லை என்று ஒரு நாள் மாடிப்படியில் புலம்பினேன். மறுவாரம் அந்த அக்கா பிரெய்ல் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். எனக்காக. கேட்டால், "மத்தியானம் தூக்கம் வரலைடி, அதான்" என்றாள்.

கையால் குத்துவது லேசு என்று நினைக்காதீர்கள். கெட்டித் தாளைத் துளைச் சட்டத்துக்குள் மாட்டி, மழுங்கின ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகப் பின்பக்கத்திலிருந்து அமுக்க வேண்டும். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு எழுத வேண்டும். தாளைப் புரட்டினால் புள்ளிகள் மேடாக எழுந்து நிற்கும், நான் விரலால் படிப்பேன். ஒரு பக்கத்துக்கு அவளுக்கு முக்கால் மணி ஆகும். ஆள்காட்டி விரலில் காய்ப்புக் காய்த்துப்போனது. அந்தக் காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் புத்தகம் எனக்கு உயிரானது பாடத்தினால் இல்லை. பாடம் யாருக்கு வேண்டும்? அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது, விரலும் சும்மா இருக்காது. பாடத்துக்கு நடுவே தன் பேச்சையும் சேர்த்துக் குத்திவிடுவாள். "இந்த ராஜாவுக்கு நாலு பெண்டாட்டி, நாலு பேரையும் மனப்பாடம் பண்ணிக்கோ, கேப்பான்." "குக்கர் மூணு விசில் ஆயிடுத்து, போறேன்." "இந்தப் பத்தி எனக்கே புரியலை, நீ புரிஞ்சுண்டா எனக்குச் சொல்லு." நீர்ப்பாசனத்தைப் பற்றிய அத்தியாயத்தில் திடீரென்று அரைப் பக்கத்துக்கு எதிர் வீட்டுக்காரியைப் பற்றிய புகார் வரும். நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். உலகத்தில் வேறு எந்தப் பிரதியிலும் இது கிடையாது. இதில் ஆறு பாகங்களை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஏழாவது பாகத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு காலனிப் பூங்காவில் தமிழர்கள் எல்லாரும் கூடினார்கள். மைக் இருந்தது. மைக் இருந்தால் நம் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு எம்.ஏ. படிக்கறதுன்னா அதுக்கு என் விரல்தான் காரணம். நான் இல்லேன்னா இது காலம் முழுக்க டெலிபோன் போர்டுலதான் உட்காந்திருக்கும்" என்றாள். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் தலையைத் தடவினாள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினாள்.

அக்கா சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. மறுநாள் காலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளேகூடப் போகாமல், "இனிமே எனக்கு ஒண்ணும் குத்த வேண்டாம்" என்றேன். "ஏழாவது பாகம் பாதியில இருக்கேடி" என்றாள். "பாதியிலயே கிடக்கட்டும். உங்க விரல் இல்லாம நான் பாஸ் பண்ணிக் காட்டறேன்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை.

பாஸ் பண்ணிக் காட்டினேன். மீதிப் பாடத்தை ஒருத்தர் கேசட்டில் பேசிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அக்காவின் கணவர் ஏழாவது பாகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "முடிச்சிட்டாம்மா" என்றார். நான் அதைத் திறக்கவில்லை. ஒரே பிளாக்கில் இரண்டு வருஷம் இருந்தோம், அவள் செருப்புச் சத்தம் கேட்டால் நான் மாடிப்படியில் ஏறாமல் நின்றுவிடுவேன். அப்புறம் கணவருக்கு ரிட்டயர்மென்ட், ஊருக்குப் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அக்கா போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. நான் பிரெய்ல் பிரிவுக்கு மாறினதும் ஏழு பாகங்களையும் நூலகத்துக்குக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினேன். வீட்டில் இருந்தால் ஏழாவதை எடுத்துவிடுவேனோ என்று பயம். பயம்தான், வேறென்ன சொல்ல? உள்ளே அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்ல முடியாது. மன்னித்திருந்தால் அதைவிட மோசம். ரிட்டயர் ஆகிற அன்றைக்குப் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் டிஜிட்டல் பிசாசு வந்தது. நூலகம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். முதல் தடவை வந்தவர்கள் சாதாரண ஸ்கேனரைக் கொண்டுவந்தார்கள். தட்டையாக வைத்து மேலிருந்து வெளிச்சம் அடித்தால் பிரெய்ல் புள்ளி எப்படித் தெரியும்? மை கிடையாதே! ஆயிரக்கணக்கான பக்கங்களை வெள்ளையாகப் படமெடுத்துவிட்டு, பட்டியலில் "வெற்றுத்தாள், ஸ்கேன் தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்கும் புரட்டித் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. அரசாங்கத்தில் ஒரு பொருளைக் 'கண்டம்' பண்ணினால், அதாவது உதவாது என்று கழித்துவிட்டால், அடுத்து வருவது பழைய பேப்பர் வாங்குகிற கபாடிவாலாவின் தள்ளுவண்டி. குழந்தைகள் கதைப் புத்தகம் இரண்டு கட்டு அப்படித்தான் போனது. வெற்றுத்தாளை எதற்கு அடைத்துவைக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்தார்களாம். நான் லீவிலிருந்து வந்து அலமாரியைத் தடவினால் காலி. அன்றைக்கு நான் கத்தின கத்தலில் மூன்றாம் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

அதனால் அடுத்த வருஷம் துணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "மேடம்ஜி, இந்தத் தடவை த்ரீ-டி" என்றபோது என் உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. அவர் உ.பி.க்காரர், குரலில் எப்போதும் தேன் ஒழுகும். பல பக்கத்திலிருந்து மாற்றி மாற்றி வெளிச்சம் போட்டுப் படமெடுப்பார்களாம், தாளின் மேடு பள்ளத்தை மயிரிழைக்குக் கீழே அளப்பார்களாம், ஒவ்வொரு புள்ளியின் உயரமும் கம்ப்யூட்டரில் ஏறிவிடுமாம். பார்வையில்லாதவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் அதை இறக்கி அச்சடித்துத் தடவிப் படிக்கலாமாம். "சரி, அப்புறம் மூலப் பிரதி?" என்றேன். "இடப் பற்றாக்குறை இருக்கிறதே" என்றார். கேட்டீர்களா? ஏற்றினதும் கண்டம். அதே கதை, புது மெஷின்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திருடினேன். ஆமாம், பதிவேட்டில் இருக்கிற நூலகச் சொத்தைத் திருடினேன். ஒரு நாளைக்கு இரண்டு பாகம் என்று துணிப்பையில் போட்டு, மேலே டிபன் டப்பாவை வைத்து, வாசலில் காவலாளியிடம் "நமஸ்தே பையா" சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து, இப்போது நான் இருக்கிற லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் பூட்டு உள்ள ஒரே இடம் டிரங்குப் பெட்டிதான். ஏழாவது பாகத்தைத்தான் முதலில் கொண்டுபோனேன், அதைத்தான் அடியில் வைத்தேன். யார் கைக்கும் எட்டக்கூடாது என்று.

பிரெய்ல் புத்தகத்தைப் படுக்கவைக்கக் கூடாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும், அதுவும் நெருக்காமல். இல்லையென்றால் எடை அழுத்திப் புள்ளி படிந்துவிடும். என் பிரிவுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதை நான் பாடமாகச் சொல்வேன். ஒரு தடவை ஒருத்தர் இரண்டு புத்தகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததற்கு அவரைப் படியிறங்கவிடாமல் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியில் நிறுத்த உயரம் போதவில்லை. இரண்டு நாள்தானே என்று படுக்கவைத்தேன். துணை இயக்குநருக்கு மாற்றல் வரப்போகிறது என்று பேச்சு. அவர் போனதும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். மாற்றல் வரவில்லை. குளிர் போனதும் ரஜாய்களை, பஞ்சடைத்த கனத்த போர்வைகளை, மடித்து அந்தப் பெட்டி மேல் போட்டேன். அப்புறம் மாவு டின்னும் அங்கேயே ஏறியது. ஒரு மழைக்காலம் போனது, ஒரு குளிர்காலம் போனது, இன்னொரு மழைக்காலமும் வந்துவிட்டது. பெட்டி பூட்டியே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து நினைத்துத் தூங்கினேன். புத்தி எங்கே போனது என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையில் மெஷினோடு ஒருத்தன் வந்து சேர்ந்தான். முப்பது வயதிருக்கும். தமிழ்ப் பையன், ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவன். "நமஸ்தே ஆன்ட்டி" என்றான்.

"யாருக்குய்யா ஆன்ட்டி? மேடம்னு சொல்லு."

"அச்சா ஆன்ட்டி... ஸாரி, மேடம்."

"தமிழ் படிக்க வருமா?"

"பேசுவேன் மேடம். ரீடிங் கொஞ்சம்... ஸ்கூல்ல இருந்தது, மறந்துபோச்சு."

தமிழ் எழுத்தே படிக்கத் தெரியாதவன் தமிழ் பிரெய்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறானாம். விளங்கின மாதிரிதான் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். சோதனைக்கு ஒரு சின்னக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். நாலு நாள் அவன் மெஷின் என் அறைக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, அளந்ததை பிளாஸ்டிக் தகட்டில் அச்சடித்து என் கையில் கொடுத்தான். தடவினேன். எல்லாம் பள்ளம், மேடே இல்லை. பின்பக்கத்தைப் படமெடுத்திருக்கிறான்! முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றுகூடக் கேட்கவில்லை.

"பள்ளத்தை எப்படிய்யா படிப்பேன்? நாக்கை விட்டா?" என்று கேட்டேன். அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் விடவில்லை. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். இந்த ஆளுக்கு முதுகுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதவைத்தேன். மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

அவன் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. ஒரு மாதம் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பிரெய்ல் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டு வந்தான். மறுபடி அச்சடித்துக் கொடுத்தான். இந்தத் தடவை சரியாக இருந்தது. சரியாக என்றால், நான் குறை கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தடவியும் கிடைக்காத அளவுக்குச் சரி. பல பேர் படித்துத் தேய்ந்து என் விரலுக்கே பிடிபடாமல் போன புள்ளிகள்கூடத் தகட்டில் எழுந்து நின்றன. "எப்படி?" என்றேன். "மேலே தேஞ்சாலும் காகிதத்துல கொஞ்சம் மேடு மிச்சம் இருக்கும் மேடம். உங்க விரலுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்" என்றான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். என் விரலுக்குத் தெரியாதது ஒரு கேமராவுக்குத் தெரிகிறதாம்.

அதோடு நிற்கவில்லை. துணை இயக்குநரிடம் போய் மல்லுக்கட்டி, மூலப் பிரதி ஒன்றைக்கூடக் கண்டம் பண்ணமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். "இப்ப மீதியையும் கொடுங்க மேடம். பதிவேட்டுல ஏழு வால்யூம் காட்டுது, அலமாரியில இல்லையே" என்றான். சண்டை போட எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. "கொண்டு வரேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் மாவு டின்னை இறக்கி, ரஜாய்களைத் தள்ளி, பெட்டியைத் திறந்தேன். புழுங்கின வாசனை வந்தது. முதல் பாகத்தை எடுத்துத் தடவினேன். புள்ளிகள் இருந்தன, ஆனால் சோர்ந்து கிடந்தன. மூன்றாவதில் வரிக்கு வரி இடறியது. ஐந்தாவதில் அத்தியாயத் தலைப்பு மட்டும் கிடைத்தது. கடைசியாக ஏழாவது. தரையோடு ஒட்டியிருந்த பெட்டியடியில் ஈரம் ஏறி, தாள் உப்பி, மேலே இருந்த எல்லாப் பாரமும் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு கையாலும் தடவினேன். ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் படிக்க மறுத்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்க முயன்றேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து "ஐயோ அக்கா" என்று வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ஏழையும் கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தேன். எங்கிருந்தன என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். நாலு பாகங்கள் முழுசாகக் கிடைத்தன. ஐந்தும் ஆறும் பாதிக்குப் பாதி. குக்கர் விசில் கிடைத்தது, எதிர் வீட்டுக்காரி கிடைத்தாள். ஏழாவது பாகத்தோடு மட்டும் அவன் பத்து நாள் போராடினான். ஒரே பக்கத்தை முப்பது நாற்பது தடவை, வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று அவன் உயிரை எடுத்தேன். அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததாகக் குரலில் தெரியவில்லை.

பாடம் முடிகிற கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். பாடத்துக்குக் கீழே நாலு வரி தனியாக இருக்கிறது என்றான். அக்கா அவளுடைய பேச்சை அப்படித்தான் ஒரு வரி விட்டுக் குத்துவாள். கிடைத்ததைத் தகட்டில் அச்சடித்துக் கொடுத்தான். முதல் வரியில் "நான்". மூன்றாவது வரியில் "கோபம்". மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. யாருடைய கோபம்? இருக்கிறது என்றாளா, இல்லை என்றாளா? "இதுக்கு மேல எதுவும் மிச்சமில்லை மேடம்" என்றான். எழுந்து அறைக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வந்தபோது அவன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் டிஜிட்டல் நூலகத்தில் ஒரு பதிவு உண்டு. யார் திறந்தாலும் அதுவும் தெரியும். "டேமேஜ் காரணம்னு ஒரு இடம் இருக்கு மேடம். பழைய காகிதம், வயசாயிடுச்சுன்னு போட்டுடறேன்" என்றான், ரொம்ப மெதுவாக. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வயசு இல்ல."

"அப்படிப் போட்டா பிரச்சினை வராது மேடம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது தெரிஞ்சா உங்களுக்கு மெமோ கொடுப்பாங்க. ரிட்டயர்மென்ட் வேற கிட்ட..."

"நான் சொல்றதைத் தட்டு, என் பேரையும் சேர்த்து. பிரிவுப் பொறுப்பாளர் புத்தகங்களை அனுமதியில்லாமல் வீட்டுக்கு எடுத்துச்சென்று, பெட்டியில் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றி அழித்தார்."

சாவிப் பலகையில் சத்தமே வரவில்லை.

"தட்டுறியா, இல்லை நானே தட்டட்டுமா?" என்று கத்தினேன்.

"ஆன்ட்டி..." என்றான்.

இந்தத் தடவை நான் அவனைத் திருத்தவில்லை. அவன் தட்ட ஆரம்பித்தான். முடித்ததும் கம்ப்யூட்டரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அது என் பெயரையும் பதவியையும் சேர்த்துப் படித்தது. ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. "சேவ் பண்ணு" என்றேன்.